தாய்க் கீரியின் தியாகத்தை விளக்குக

வடபழனி, சென்னை-26
20.1.91

அன்புள்ள அக்காவுக்கு,

லீலா எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டதா? என் பிள்ளை ஜெர்சி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இந்த மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் எழுது.

படப்பைப் பங்குச் சாமியார் "கார்ட்டூன் கம்பெனியில் வேலை" என்று சொன்னபோது ஏதோ பத்திரிகை ஆபீஸ் என்று நினைத்தேன். இது சினிமா! நாம் எட்டாவதில் துணைப்பாடமாகப் படித்தோமே, கீரிக்குட்டியைப் பெருச்சாளி எடுத்து வளர்க்கிற நாவல், அதைப் பொம்மைப் படமாக எடுக்கிறார்கள். வெள்ளத்தில் குட்டி அடித்துக்கொண்டு போகும். தாய்க் கீரி ஊர் ஊராகத் தேடும். கடைசியில் வளையைக் கண்டுபிடித்து எட்டிப் பார்த்தால், குட்டி பெருச்சாளியின் வயிற்றில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். கீரி நினைத்தால் பெருச்சாளியை ஒரு கடியில் முடிக்கலாம். முடிக்காமல் திரும்பிப் போய்விடும். "தாய்க் கீரியின் தியாகத்தை விளக்குக" என்று முழுப்பரீட்சையில் கேட்டார்கள். நான் இரண்டு பக்கம் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். நீ முந்திய வருஷம், இது தியாகமே இல்லை என்று எழுதி ஒன்றரை வாங்கினாய். ஞாபகம் இருக்கிறதா?

பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எக்ஸ்ரே பிலிம் போல கண்ணாடித் தாள், செல் என்று பெயர். முன்பக்கம் கோடு போட்டு வரும், பின்பக்கம் நாங்கள் வர்ணம் அடிக்க வேண்டும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். குட்டி ஒரு தும்மல் போட்டால் எனக்கு அரை நாள் வேலை. கேமராவில் எடுத்து முடித்ததும் தாளைத் தண்ணீரில் கழுவி மறுபடி எங்களிடமே கொடுத்துவிடுகிறார்கள். தாள் விலை அதிகமாம்.

ஹாஸ்டலில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால்தான் உன்னிடம் விட்டேன். ஆறு மாதம். ஜூனில் ஒரு ரூம் பார்த்து, அவளை அழைத்துவந்து இங்கே பள்ளியில் சேர்ப்பேன். சாம்சன் கண்ணை மூடிய பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அதுவரை பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
லீலா


சேசு மரி சூசை

வடக்குப்பட்டு
6.2.91

அன்புத் தங்கை லீலாவுக்கு அக்கா அந்தோணிமேரியின் ஆசீர்வாதம்.

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? போன ஞாயிறு வந்தபோது முகம் வற்றிக் கிடந்தது. மாமாவுக்கு மறைமலைநகர் கம்பெனியில் ஓ.டி. தருகிறார்கள். சைக்கிளில் போய் வருவதற்குள் இடுப்பு ஒடிகிறது.

ஜெர்சி நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ பஸ் ஏறிப் போன பிறகு கொஞ்சம் அழுதாள். அவ்வளவுதான்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. நீ வந்து வந்து போனால் பிள்ளைக்கு ஏக்கம் அதிகமாகிறது. கொஞ்ச நாள் வராமல் இரு. கடிதம் போடு, நான் படித்துக் காட்டுகிறேன். கீரிக்கும் பெருச்சாளிக்கும் மை தீட்ட ஒரு சம்பளமா என்று மாமா சிரிக்கிறார்.

அந்தோணிமேரி


சென்னை-26
3.3.91

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். நீ சொன்னபடி ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டேன். ஜெர்சிக்கு இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன், பத்திரம். கோடு கோணலாகிவிட்டதால் ஒதுக்கிய இரண்டு தாள்களை சாரிடம் கேட்டு வாங்கினேன். ஒன்றில் தாய்க் கீரி, இன்னொன்றில் குட்டி. தனித்தனியாக வைத்தால் பாதிப் படம்தான். ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்தால் குட்டி தாயின் கால் நடுவில் வந்து நிற்கும். "அம்மா கை வச்ச கலர்" என்று சொல்லிக் காட்டு. தண்ணீர் மட்டும் படக்கூடாது.

இங்கே ஒரு கூத்து. கதையின் முடிவை மாற்றுகிறார்களாம். "குடும்பத்தோட வந்து பாக்குற படம். பிள்ளைங்கள அழவெச்சு அனுப்ப முடியாது" என்கிறார் டைரக்டர் இராமச்சந்திரன் சார். அதனால் குட்டி தாயைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். துணைப்பாடத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று கூட இருக்கிற கங்கா குதிக்கிறாள். எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. அந்த ஷாட்டை நான்தான் அடிப்பேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.

லீலா


சேசு மரி சூசை

வடக்குப்பட்டு
10.4.91

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு நீ வரவில்லை. பிள்ளையிடம் நான் சொல்லவே இல்லை, நல்லதாகப் போயிற்று.

தாள்கள் வந்தன. ஜன்னலில் ஒட்டிவைத்தேன். சாலையில் போகும் கல் லாரிகளால் வீடெல்லாம் புழுதி. ஞாபகம் இல்லாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தாய்க் கீரியின் வர்ணம் முழுக்க வழிந்து போய்விட்டது. முன்பக்கக் கோடும் அழிந்துவிட்டது. இப்போது வெறும் தாள். குட்டி நன்றாக இருக்கிறது. வருத்தப்படாதே, ஜெர்சி ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மோர் குடி.

அந்தோணிமேரி


சென்னை-26
28.4.91

அக்கா,

சுகமாக இருக்கிறேன். ஈஸ்டருக்கு வராதது என் தப்பு. ஷூட்டிங் அவசரம் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆனால் தண்ணீர் படக்கூடாது என்று எழுதியிருந்தேனே? சின்ன வயதில் என் பொம்மைக்குத் தலைவாரி விடுகிறேன் என்று கழுத்தைத் திருகியவள்தானே நீ. போகட்டும். இங்கே நான் கழுவாத தாயா, தினமும் நூறு கழுவுகிறோம்.

படம் தீபாவளிக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆனாலும் பள்ளி விஷயத்தில் மாற்றம் இல்லை. ஜூன் முதல் வாரம் லீவு சொல்லி வருகிறேன். அங்கே விட்டுவந்த என் பெட்டியில் ஜெர்சியின் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருக்கிறது. தகப்பன் சாம்சன், தாய் லீலா ரோஸ், பிள்ளை சா. ஜெர்சி என்று சாமியார் கையெழுத்து. எடுத்து வை. அதைக் காட்டித்தான் இங்கே சேர்க்க வேண்டும்.

அவள் என்னைப் பற்றி என்ன கேட்கிறாள் என்று நீ எழுதுவதே இல்லை. எழுது.

லீலா


சேசு மரி சூசை

வடக்குப்பட்டு
2.6.91

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதுவே ஆண்டவர் கிருபை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நீ பேப்பரில் படித்திருப்பாய். அதிலிருந்து இந்தப் பக்கம் ஒருவருக்கும் உயிர் உயிராக இல்லை. பத்து நாளாகப் போலீஸ் வீடு வீடாக வருகிறது. வெளியூர் ஆள் யார், யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுகிறார்கள். மேலத்தெருவில் ஒருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஜீப்பில் ஏற்றிப்போய் இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள்.

நம் வீட்டிலும் கேட்டார்கள். "யாரும்மா இந்தப் பொண்ணு? இதோட அப்பா அம்மா எங்க?" என்றார் ஒரு போலீஸ்காரர். அப்பா செத்துவிட்டார், அம்மா மெட்ராஸில் இருக்கிறாள் என்றால் எந்த மெட்ராஸ், என்ன வேலை என்று போகுமே. "எங்க பொண்ணுதான் சார்" என்றேன். எழுதிக்கொண்டு போனார். ஜெர்சி பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

நீ இப்போது வராதே. பஸ்ஸையெல்லாம் நிறுத்திச் சோதிக்கிறார்கள். பள்ளிக்கு நாள் தப்பிவிடும் என்று கான்வென்டில் பெயர் கொடுத்தாகிவிட்டது. மற்றதை நேரில் பேசலாம்.

அந்தோணிமேரி


சென்னை-26
30.6.91

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. வர்ணம் பட்டு விரலில் கொப்புளம், நான் சொல்ல கங்கா எழுதுகிறாள்.

போலீஸிடம் நீ சமாளித்தது சரிதான். எனக்குத் தோன்றியிருக்காது. இந்த வருஷம் அங்கேயே படிக்கட்டும். அடுத்த ஜூனில் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் அழுதாளா? யூனிபார்ம் என்ன நிறம்?

கொஞ்ச நாள் வரமுடியாது. வேலை அதிகம். வேறொன்றுமில்லை.

லீலா


சென்னை-26
2.9.91

அக்கா,

நான் நலம். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்துவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது.

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிற சந்திரம்மாள்தான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "நீ யாரும்மா, அந்தோணிமேரிக்கு இன்னா வேணும்?" என்றாள். தங்கச்சி என்றேன். "உங்கிட்ட சொல்லலியா? மூணு பேரும் வேளாங்கண்ணிக்குப் போய்க்கீறாங்க. அவங்க பொண்ணுக்கு மொட்ட போடணும்னு வேண்டுதல். பத்து வருசம் கழிச்சுப் பொறந்த கொழந்தயாமே" என்றாள்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போலீஸ் போய் மூன்று மாதம் ஆகிறது, அக்கா. இன்னும் யாருக்குப் பயந்து இந்தப் பொய்? என் பிள்ளையின் முடியை யாரைக் கேட்டு எடுத்தாய்?

லீலா


சேசு மரி சூசை

வடக்குப்பட்டு
20.9.91

லீலாவுக்கு,

சுகம். மொட்டை என் வேண்டுதல். போன மாதம் பிள்ளைக்கு டைபாய்டு வந்தது. பிழைத்தால் மாதாவுக்கு முடி தருகிறேன் என்று முட்டிபோட்டேன். உனக்குத் தந்தி கொடுக்க மாமா கிளம்பினார், நான்தான் தடுத்தேன். நீ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்றுதான் தடுத்தேன். கேட்டுக்கொள்.

நீ கேட்டாயே, என்னைப் பற்றி என்ன கேட்கிறாள் என்று. பிப்ரவரியில் நீ பஸ் ஏறிப் போன பிறகு கொஞ்சம் அழுதாள் என்று எழுதினேன். பொய். எழுதும்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். பதினோரு நாள் அழுதாள். தினமும் பஸ் வருகிற நேரத்துக்குச் சாலைக்குப் போய் நின்றாள். பன்னிரண்டாம் நாள் போகவில்லை. அன்றைக்குச் சோறு ஊட்டும்போது என்னை அம்மா என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதா சத்தியம். ஆனால் திருத்தவும் இல்லை. பத்து வருஷம் ஒவ்வொரு ஞானஸ்நான விருந்திலும் மற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் நான். இந்த ஒரு தடவை கை வரவில்லை.

அந்தோணிமேரி


சென்னை-26
5.12.91

அக்கா,

இங்கே எல்லாம் அப்படியே. அங்கேயும் அப்படியே இருக்கட்டும். இரண்டு மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். டைபாய்டு என்று படித்த இடத்தை என்னால் தாண்டவே முடியவில்லை.

படம் தீபாவளியும் தாண்டி ஒருவழியாக முடிந்துவிட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு ஸ்பெஷல் ஷோ. மூன்று பாஸ் வைத்திருக்கிறேன். ஜெர்சியை அழைத்துக்கொண்டு வா. இது மட்டும் மறுக்காதே. கடைசி ஷாட் முழுக்க என் கை. குட்டி புல்வெளியில் ஓடிவந்து தாயின் மேல் விழும். இருநூற்றுப் பதினான்கு தாள். பெருச்சாளியையும் தூரத்தில் நிற்க வைக்க வேண்டும் என்றுதான் வரைந்திருந்தார்கள். தாளும் நாளும் பற்றாது என்று எடுத்துவிட்டார்கள்.

அவள் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் புரிந்துகொள்வாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லும்.

லீலா


சென்னை-26
26.12.91

அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்தை நேரிலேயே சொல்லிவிட்டேன். மறுபடி எழுத மனம் இல்லை.

தாம்பரத்தில் இறங்கியதும் ஜெர்சி உன் புடவைக்குப் பின்னால் போய் நின்றாளே, அதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்த கவுனை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். என் பிள்ளை எனக்கு நன்றி சொன்னாள்.

டைட்டிலில் எங்கள் பன்னிரண்டு பேர் பெயரும் இல்லை. "வர்ணம்: குழுவினர்" என்று போட்டுவிட்டார்கள். அதற்குக்கூட நான் வருந்தவில்லை. கடைசி ஷாட்டுக்காகக் காத்திருந்தேன். குட்டி ஓடியது. தாய் மேல் விழுந்தது. தியேட்டரில் அத்தனை பிள்ளைகளும் கைதட்டினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் உதடு துடித்தது. என் பக்கம் திரும்புவாள் என்று இருந்தேன். உன் தோளைப் பிடித்து உலுக்கி, "யம்மா, பெருச்சாளி அம்மா எங்க? அது வூட்ல தனியா கீதா?" என்றாள். அப்புறம் விம்மி விம்மி அழுதாள். நீ அவளை மடியில் போட்டுக்கொண்டாய். நான் இருநூற்றுப் பதினான்கு தாள் அடித்தது இதற்குத்தான்.

படம் முடிந்து அன்று உன் வீட்டுக்கு வந்தது தப்பு. மாமா பாவம், ஒன்றும் நினைக்காமல் "நம்ம ஜெர்சி ரெண்டாவது ராங்க் வாங்கிக்கீது, பாரு லீலா" என்று பிராக்ரஸ் கார்டை எடுத்து நீட்டினார். நீ பாய்ந்து வருவதற்குள் படித்துவிட்டேன். ஜெ. ஜெர்சி. தந்தை ஜெபதாஸ். தாய் அந்தோணிமேரி. செத்துப்போன என் புருஷனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது பிள்ளையின் பெயருக்கு முன்னால் நின்ற ஒரே ஒரு எழுத்து. அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாய். சர்ட்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று சிஸ்டரிடம் சொல்லிச் சேர்த்தாயாம், மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

நானும் ஒன்று மறைத்தேன். ஜூனில் விரலில் கொப்புளம் என்றது பொய். மஞ்சள் காமாலை. ஆறு வாரம் படுக்கை. தெரிந்தால் இவளால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்வாய் எனப் பயந்து எழுதவில்லை. நாம் இருவரும் பிள்ளைக்காகத்தான் பொய் சொன்னோம். என் பொய்யில் நான் மட்டும் இளைத்தேன்.

எட்டாவதில் இரண்டு பக்கம் எழுதினேனே, அந்த ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது தியாகம் இல்லை அக்கா. வளை வாசலில் நின்று எவ்வளவு நேரம் கூப்பிட்டிருக்கும் அந்தக் கீரி! குட்டி வந்திருக்காது. எழுதியவருக்கு அதை எழுத மனம் வராமல் பெரிய மனசு என்று முடித்துவிட்டார். உனக்கு ஒன்றரை போட்ட வாத்தியாருக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் அன்றைக்கே சரியாகத் தெரிந்திருக்கிறது.

நான் கீரி இல்லை, திரும்பிப் போக மாட்டேன். ஜனவரி 2 பள்ளி திறக்கும். சர்ட்டிபிகேட்டோடு போய் சிஸ்டரிடம் பெயரை மாற்று. அதற்கு முன்னால் நீ உன் வாயால் ஜெர்சியிடம் நான் யார் என்று சொல். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீ சொன்னால்தான் நம்புவாள். அந்த அளவுக்கு ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லீலா


சேசு மரி சூசை

வடக்குப்பட்டு
31.12.91

அன்புள்ள லீலா சித்திக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். புது வருட வாழ்த்துகள். கவுன் சரியாக இருக்கிறது.

இனிமேல் நானே எழுதுகிறேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அழுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் முன்னால் அனுப்பின கீரிக்குட்டி தாள் என்னிடம் இருக்கிறது. காலித் தாளும் இருக்கிறது. அதில் நான் பேனாவால் பெருச்சாளி வரைந்தேன். இரண்டையும் சேர்த்து ஜன்னலில் வைத்தேன். இப்போது படம் முழுசாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெ. ஜெர்சி
முதல் வகுப்பு